ஒரே வாத்தியார், இரண்டு வரலாறுகள்

மலேசியத் தோட்டத்து வாத்தியாரைப் பற்றி இரண்டு விதமாகப் படிக்கக் கிடைக்கிறது. கல்வியியல்காரர்கள் எழுதியதைப் புரட்டினால் அவர் குறைகளின் தொகுப்பாக வருகிறார். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், பயிற்சி அரைகுறை, சம்பளம் சொற்பம், மூன்று நான்கு வகுப்புகளை ஒரே கொட்டகையில் வைத்துச் சமாளித்தவர். இலக்கிய வரலாற்றுக்காரர்கள் எழுதியதைப் புரட்டினால் அதே மனிதர் முன்னோடி. கவிதை எழுதினார், நாடகம் போட்டார், மன்றம் வைத்தார், பத்திரிகைக்குக் கதை அனுப்பினார். முதல் வகை நூல்களில் அவருடைய கவிதை இல்லை. இரண்டாம் வகை நூல்களில் அவருடைய வகுப்பறை இல்லை.

இந்தப் பிரிவினை தற்செயலாக வந்ததல்ல என்பது என் எண்ணம். கல்வியியல் ஒரு புலத்திலும் தமிழிலக்கியம் வேறொரு துறையிலுமாகப் பல்கலைக்கழகத்துக்குள் வகுத்து வைக்கப்பட்ட பிறகு, இரண்டையும் ஒருசேரச் செய்த ஆளை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பாதிதான் தெரிகிறார். ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் கலைக்கும் இலக்கியத்துக்கும் என்ன இடம் என்ற கேள்வியை அந்த முழு ஆளிடமிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். அதற்கு நெகிரி செம்பிலானின் லாபுவைப் போன்ற ஓர் இடம் பொருத்தமானது.

கோலாலம்பூரிலிருந்து சிரம்பானுக்குப் போகும் கொமுட்டர் ரயில் நீலாயைத் தாண்டியதும் லாபுவில் நிற்கும். அடுத்தது தீரோய், அதற்கடுத்தது சிரம்பான். சுற்றிலும் ஒரு காலத்தில் பால் மரம், பிறகு செம்பனை. பெரிய தோட்டங்களை டிவிஷன் டிவிஷனாகப் பிரித்து நிர்வாகம் செய்வது வழக்கம். அந்தப் பிரிவினை இங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் அப்படியே நிலைத்துவிட்டது: லாடாங் லாபு பகுதி 1, லாடாங் லாபு பகுதி 4. ஊர்ப்பக்கம் பள்ளிக்கூடத்துக்குச் சாமி பேரோ வள்ளல் பேரோ வைப்பார்கள். இங்கே துரையின் கணக்குப் பேரேட்டில் இருந்த எண்ணே பெயராயிற்று. அந்தப் பள்ளி யாருடைய தேவைக்காக, யாருடைய செலவுக் கணக்கில் பிறந்தது என்பதை அந்த எண்ணைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது.

கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேராவது குடியிருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்றது. இடம் எது, ஆசிரியர் யார், என்ன படித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் நிர்வாகத்தின் தயவைப் பொறுத்ததாகவே இருந்தது. லயத்தின் ஓரத்து அறை, ஆயாக் கொட்டகை, கோயில் மண்டபம் என்று எங்கு வேண்டுமானாலும் பள்ளி நடந்தது. கங்காணியோ, கிராணியோ, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த வேறொருவரோ வாத்தியாரானார். பின்னாளில் தமிழ்ப்பள்ளியிலேயே ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அங்கேயே வாத்தியாராக அமர்ந்தார்கள். வார இறுதியில் டவுனுக்குப் போய் ‘நார்மல்’ வகுப்பில் உட்கார்ந்து பயிற்சி பெற்றவர்களே அன்று படித்த ஆசிரியர்கள்.

தோட்டத்தில் அவருடைய வேலை பள்ளி மணியோடு முடிந்ததில்லை. ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும், பத்திரிகையை நாலு பேருக்குக் கேட்கும்படி வாசிப்பதும் அவர்தான். கோயில் திருவிழா வந்தால் வேலை கூடும். மாரியம்மன் திருவிழாவில் உறுமியும் கரகமும் ஒரு பக்கம் நடக்கும். இராத்திரி மேடையில் அரிச்சந்திரனோ நல்லதங்காளோ ஏறவேண்டும். நாடகத்துக்கு வசனம் வேண்டும், பாட்டு வேண்டும், படிக்கத் தெரியாத நடிகருக்கு வசனத்தை வாயால் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்க ஆள் வேண்டும். இந்தக் கடைசி வேலையைக் கவனிக்க வேண்டும். எழுத்தறியாத பால் வெட்டுக்காரர் ஒருவர் ஒரு மாதத்தில் இரண்டு மணி நேர வசனத்தைத் தாளத்தோடு மனத்தில் ஏற்றிக்கொள்கிறார் என்றால், அங்கே கற்பித்தல் நடந்திருக்கிறது. அதைப் பயிற்சிக் கல்லூரியின் மதிப்பீட்டுத் தாளில் எந்தப் பத்தியில் குறிப்பது?

*

மலாய் ஆசிரியர்களுக்குக் கதை வேறு விதமாக நடந்தது. 1922 நவம்பரில் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளை கிராமத்திலேயே இருக்கட்டும் என்பதுதான் ஆங்கில அதிகாரிகளின் எண்ணம். கல்வி அதிகாரி ரிச்சர்ட் வின்ஸ்டெட் வகுத்த கொள்கையில் கூடை முடைதலுக்கும் தோட்ட வேலைக்கும் பெரிய இடம் இருந்தது. ஆனால் கல்லூரியின் முதல்வர் டசெக், மலாய் மொழியின் மீது உண்மையான மதிப்பு வைத்திருந்தார். 1924இல் அரசின் மொழிபெயர்ப்பு அலுவலகம் கல்லூரிக்கே கொண்டுவரப்பட்டது. மலாய் இலக்கணத்தைச் செப்பனிட்ட ஸாபா அங்கே பணியாற்றினார். பாடநூல்களோடு மொழிபெயர்ப்புக் கதைகளும் அங்கிருந்து வெளிவந்தன. கூடை முடையக் கற்பிக்க வந்த கல்லூரி, இரண்டு பத்தாண்டுகளுக்குள் எழுத்தாளர்களையும் இதழாளர்களையும் தேசியவாதிகளையும் உருவாக்கியது. ஹாருன் அமினுர்ரஷித் அங்கே படித்து அங்கேயே கற்பித்தார். பின்னாளில் இளம் மலாயர் சங்கத்தை நடத்திய இப்ராஹிம் யாக்கோப்பும் அங்கே படித்தவர்தான். ஒரு விடுதி, ஒரு நூலகம், ஓர் அச்சுக்கூடத்தின் தொடர்பு, இரவு பேச ஆள் துணை. ஆசிரியப் பயிற்சிக்குள் இலக்கியம் வளர இவை போதுமாக இருந்தன.

தமிழ் ஆசிரியருக்கு இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அப்படியொரு விடுதிக் கல்லூரி கிடைக்கவில்லை. தமிழ்த் தொழிலாளி திரும்பிப் போகிறவன் என்பது காலனி அரசின் கணக்கு. திரும்பிப் போகிறவனின் பிள்ளைக்குப் பாடம் சொல்ல எதற்குக் கல்லூரி? போருக்குப் பிறகும் நிலைமை மெதுவாகத்தான் மாறியது. ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஆசிரியர் தேவைப்பட்டபோது மலாயா அரசு இங்கிலாந்திலேயே, லிவர்பூலுக்குப் பக்கத்தில் கெர்க்பியில், 1951 முதல் 1962 வரை ஒரு பயிற்சிக் கல்லூரியை நடத்தியது. மலாயாவின் பல இனத்து இளைஞர்கள் கப்பலேறிப் போய் அங்கே படித்தார்கள். பாடகர் குழு, நாடகம், நடனம் எல்லாம் அந்தக் கல்லூரி வாழ்க்கையின் பகுதி. அதே ஆண்டுகளில் தோட்டத்துத் தமிழ் ஆசிரியர் சனிக்கிழமை பஸ் பிடித்துச் சிரம்பானுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கல்லூரி இல்லாத இடத்தில் அதன் வேலையைப் பத்திரிகை செய்தது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ என்ற தொடரைத் தொடங்கினார்கள். பெயரே வகுப்பு. கதை எழுதுவது எப்படி என்று பாடம் வரும், பயிற்சி வரும், தேர்வும் உண்டு. எழுதி அனுப்பியவர்களில் தோட்டத்து வாத்தியார்கள் கணிசம். அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு ‘மாணவர் மணிமன்றம்’ நடத்தியது. அது பத்திரிகைப் பக்கத்தைத் தாண்டி ஊர் ஊராக மன்றமாகப் பரவியது. மன்றத்தை நடத்தியவர் பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியர். அவருக்குப் பயிற்சியும் அங்கேதான், பணியும் அங்கேதான்.

இதை நான் அஞ்சல்வழிக் கல்வியின் தொடக்கம் என்று மட்டும் பார்க்கவில்லை. தஞ்சோங் மாலிமில் சம்பளம் வாங்கிய பேராசிரியர்களும் அரசு அலுவலகமும் சேர்ந்து செய்ததை, இங்கே இரண்டு பத்திரிகைக்காரர்கள் வாரப் பதிப்பின் சில பத்திகளில் செய்ய முயன்றார்கள். விளைவு அதற்கேற்ற அளவுதான் இருக்கும். ஆசிரியர்களின் படைப்பு வெளியே வந்தது. ஆனால் அது அவர்களுடைய தொழில் தகுதியாக எங்கும் பதிவாகவில்லை. கதை வகுப்பில் தேறியவர் பள்ளியில் அதே பயிற்சி பெறாத வாத்தியார்தான்.

*

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தனிநாயகம் அடிகளாரை உலகத் தமிழ் மாநாட்டை உருவாக்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய முனைவர் பட்டம் எந்தத் துறையில் என்று கேட்டால் பலர் இலக்கியம் என்பார்கள். அது கல்வியியல்.

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியான ஊர்காவற்றுறையில் 1913இல் பிறந்தவர். ரோமாபுரியில் இறையியல் படித்துக் குருவானார். தூத்துக்குடிப் பக்கம் பணியாற்றும்போது தமிழை முறையாகக் கற்கத் தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலையும் ஆய்வுப் பட்டமும் பெற்றார். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழைத் தொடங்கிய அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்தது தமிழ்த்துறையில் அல்ல, கல்வித்துறையில். அங்கிருந்து 1955இல் லண்டன் போய் 1957இல் முடித்த முனைவர் ஆய்வின் பொருள், பண்டைத் தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை.

அன்று கல்வியியல் ஆய்வென்றால் பள்ளி நிர்வாகம், பாடத்திட்டம், தேர்வு முறை, உளவியல் அளவீடு என்று போகும். இந்தியக் கல்வி வரலாற்றை எழுதியவர்களோ வேதக் கல்வியிலிருந்தும் பௌத்த விகாரங்களிலிருந்தும் தொடங்குவார்கள். அடிகளார் சங்கப் பாடல்களை எடுத்துக்கொண்டு, அந்தச் சமூகத்தில் கற்பித்தவர் யார் என்று கேட்டார். பள்ளிக்கூடமும் வாத்தியார் பதவியும் அந்தப் பாடல்களில் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும். அவர் கண்டது பாணரையும் புலவரையும். ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்கள், அரசனுக்கு இடித்துரைத்தவர்கள், ஒரு வட்டாரத்தின் நினைவை இன்னொரு வட்டாரத்துக்குக் கொண்டுபோனவர்கள். அவர்களை இலக்கியப் படைப்பாளிகளாக மட்டும் பார்க்காமல் கல்வியாளர்களாக அவர் எழுதினார். புலவரே கல்வியாளர் என்ற கோணத்தில் தம் இதழிலும் 1956, 57 ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார்.

அவருடைய வாதத்தில் எனக்கு எல்லாமே உடன்பாடில்லை. பரிசில் வேண்டிப் பாடிய பாணனின் பசியை அவர் கொஞ்சம் மென்மையாகத் தாண்டிப் போகிறார் என்று தோன்றும். ஆனால் அவர் வைத்த கேள்வியின் வடிவம் அசலானது. நிறுவனம் இல்லாத இடத்தில் கல்வி இல்லை என்று முடிவுகட்டாமல், அங்கே கற்பித்தலை யார், எந்தக் கலை வழியாகச் செய்தார்கள் என்று கேட்டார். கல்வியியல் பட்டப்படிப்புக்குள் இலக்கிய வாசிப்பை ஓர் ஆய்வு முறையாகவே கொண்டுவந்தார்.

1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். அந்தத் துறையில் தமிழ் இடம்பெற வேண்டும் என்று 1950களின் நடுவில் சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளிகள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். அவர்கள் காசு கொடுத்த துறை, சங்க இலக்கியம் அறிந்த ஒரு கல்வியியல் முனைவரின் கைக்கு வந்தது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 1969 வரை அவர் அங்கே இருந்தார். கலைப்புலத்தின் முதன்மையராகவும் பணியாற்றினார்.

பாணரைக் கல்வியாளராகப் பார்த்த கண், அறுபது மைல் எல்லைக்குள் இருந்த தோட்டத்து வாத்தியாரையும் அப்படியே பார்த்திருக்கலாம். நல்லதங்காள் வசனத்தை வாயால் சொல்லிக் கொடுத்தவருக்கும் அவருடைய ஆய்வேட்டின் பாணருக்கும் உள்ள உறவு எட்டாத தொலைவில் இல்லை. அந்த ஆண்டுகளில் அவருடைய உழைப்பு உலக அளவில் தமிழாய்வை ஒருங்கிணைப்பதில் போயிற்று. அதைக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவர் இருந்த அதே காலத்தில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்வியியலுக்குத் தனிப் பிரிவு எழுந்து, பிறகு தனிப் புலமாயிற்று. தமிழ் ஒரு கட்டடத்துக்கும் கல்வியியல் இன்னொரு கட்டடத்துக்கும் போயின. அவருக்குப் பின் இரண்டு கட்டடத்திலும் காலூன்றி நின்றவர் அரிது.

*

கல்வியியல் கட்டடத்திலிருந்து வந்த ஆய்வுகள் இலேசானவை அல்ல. அவற்றைப் படிக்காமல் தோட்டத்து வாத்தியாரைப் போற்றுவது பொய். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்த தி. மாரிமுத்து, தோட்டப் பள்ளி சமூக மறுவுற்பத்தியின் கருவி என்று எழுதினார். அதாவது, பால் வெட்டுக்காரரின் பிள்ளையை மறுபடி பால் வெட்டுக்காரராக ஆக்கிக் கொடுக்கும் ஏற்பாடாகவே அந்தப் பள்ளி இயங்கியது. ஆறாம் வகுப்புக்குப் பிறகு மொழி மாறுகிறது, இடைநிலைப்பள்ளி டவுனில், பிள்ளையின் கைக்கு வீட்டில் வேலை காத்திருக்கிறது. ரா. சந்திரம் 1999இல் வெளியிட்ட சிறுபான்மைக் கல்வி பற்றிய நூலும் இந்த அடைப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டியது. சுதந்திரம் கிடைத்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் வெளியேறியும் அந்த எண்ணிக்கை இன்று ஐந்நூற்றுச் சொச்சத்தில் நிற்கிறது. நெகிரி செம்பிலானில் மட்டும் சுமார் 60 பள்ளிகள்.

நாடகம் போட்ட வாத்தியாரின் வகுப்பில் கணக்கு ஒழுங்காக நடந்ததா? பாட்டுப் பாடிய பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழிக்கு முன்னால் வாயடைத்து நிற்கவில்லையா? மாரிமுத்துவின் கேள்விகள் இவைதாம், இவற்றுக்குக் கவிதை பதில் ஆகாது.

இலக்கியப் பக்கத்திலும் வாத்தியாரின் கை வேறொரு தடத்தை விட்டிருக்கிறது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் பெரும்பகுதியில் கட்டுரை எழுதும் வாடை அடிக்கிறது. குடிகாரத் தகப்பன் திருந்துவான், படித்த மகன் திரும்பி வருவான், கடைசிப் பத்தியில் நன்னெறி வந்து நிற்கும். வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் மாதிரிக் கட்டுரை எழுதிக் காட்டிய கை கதையிலும் அதையே எழுதும். இதை எதிர்த்துப் பேசியவர்களும் ஆசிரியர்களே. ‘வல்லினம்’ இதழை நடத்தும் ம. நவீன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவருடைய ‘பேய்ச்சி’ நாவலை 2020இல் உள்துறை அமைச்சு தடை செய்தது. நன்னெறிக் கதையை எழுதியவரும் அதை உடைக்கப் பார்த்தவரும் ஒரே தொழிலிலிருந்து வந்தார்கள்.

ஆனாலும் இரண்டு பேரைக் காட்டினால் இந்தத் தொழிலின் ஆய்வு வலிமை புரியும். முரசு. நெடுமாறன் கேரித்தீவுத் தோட்டத்தில் பிறந்தவர், ஆசிரியர், குழந்தைகளுக்கான பாடல்களால் அறியப்பட்டவர். 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் தேடித் திரட்டி 1997இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ வெளியிட்டார். பழைய இதழ்களையும் மறந்துபோன பெயர்களையும் தோண்டியெடுத்த அந்த வேலை, ஒரு பல்கலைக்கழகத் துறை கூட்டாகச் செய்யவேண்டியது. அ. ரெங்கசாமியும் ஆசிரியர்தான். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழரின் கதையை, தப்பி வந்தவர்களின் வாய்மொழியைக் கேட்டு ‘நினைவுச் சின்னம்’ நாவலாக்கினார். ஒன்று ஆவணத் தொகுப்பு, மற்றது வாய்மொழி வரலாறு. இரண்டுமே மானுடவியல் துறைகள் இன்று முறையியல் பாடமாக நடத்துபவை. பள்ளிப் பிள்ளையிடமும் அதன் பாட்டியிடமும் பேசிப் பழகிய ஆளுக்கு அந்த முறையியல் தொழிலோடு வந்தது.

*

இப்போதைய நிறுவனங்களுக்கு வருவோம். லாபுவிலிருந்து மிக அருகில், செம்பனைக்கு நடுவே எழுந்த பண்டார் என்ஸ்டெக்கில் கல்வி அமைச்சின் பெரிய வளாகம் ஒன்று இருக்கிறது. ஆசிரியர் கல்விக் கழகத்தின் தொழில்நுட்பக் கல்வி வளாகம் அங்கே உள்ளது. அமினுடின் பாக்கி கழகமும் அங்கேதான். 1979இல் வேறு பெயரில் தொடங்கிய இந்தக் கழகம், தலைமையாசிரியராக விரும்புவோருக்குத் தேசியத் தகுதிப் பயிற்சி கொடுக்கிறது. 1956ஆம் ஆண்டு ரசாக் கல்வி அறிக்கையை வடிவமைப்பதில் பங்கெடுத்த கல்வியாளரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அந்த அறிக்கையின் வழியாகத்தான் தமிழ்ப்பள்ளி தேசிய அமைப்புக்குள் வந்தது. அது சட்டமன்றத்தில் ஏற்கப்பட்ட மே 16ஐத்தான் நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. சிரம்பானில் ராஜா மெலேவார் வளாகம் இருக்கிறது. தஞ்சோங் மாலிம் கல்லூரியோ 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாகி, இந்த நூற்றாண்டில் தமிழ்மொழிக் கல்விக்கும் இடம் கொடுத்துவிட்டது. 1922இல் தமிழருக்குக் கிடைக்காத வாசல் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுக்குப் பின் திறந்தது.

ஆக, நிறுவனம் இல்லை என்ற பழைய குறை இனி இல்லை. 2007 முதல் ஆசிரியப் பயிற்சியே நான்காண்டு இளங்கலைப் பட்டமாகிவிட்டது. கல்வியில் கலைகள் என்றொரு கட்டாயப் பாடம் பயிற்சி மாணவருக்கு உண்டு: ஓவியம், இசை, அசைவு எல்லாம் தொட்டுக் காட்டப்படும். தமிழ்மொழிக் கழகம் உண்டு, முத்தமிழ் விழா உண்டு. பள்ளிக்குப் போனால் செந்தமிழ் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டும்: கதை சொல்லுதல், கவிதை ஒப்புவித்தல், பாடல், நாடகம். 2011இல் வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்திலும் செய்யுளுக்கும் மொழியணிக்கும் தனி இடம் இருக்கிறது.

இத்தனை இருந்தும் ஒன்று மாறியிருக்கிறது. இறுதியாண்டில் பயிற்சி மாணவர் ஒரு செயலாய்வு செய்ய வேண்டும். அதன் வடிவம் பழகிப்போனது. வகுப்பில் ஒரு சிக்கலைக் கண்டுபிடி, ஓர் உத்தியைக் கையாள், முன்தேர்வும் பின்தேர்வும் வை, மதிப்பெண் கூடியதா பார். வலிமிகும் இடங்கள் பிள்ளைகளுக்கு வரவில்லை, பாட்டு மெட்டில் விதியைச் சொல்லிக் கொடுத்தேன், புள்ளி உயர்ந்தது. இது நல்ல வேலை. வகுப்பறைக்குப் போகும் இளைஞனுக்குக் கண்ணைத் திறக்கும் வேலை. ஆனால் பாட்டு இங்கே இலக்கணத்தை விழுங்க வைக்கும் தேன். பாட்டு நல்ல பாட்டா, பிள்ளை அதைக் கேட்டுத் தானாக இன்னொன்று கட்டியதா, மெட்டு எங்கிருந்து வந்தது, வீட்டில் அதை யார் பாடுகிறார்கள் என்ற கேள்விகளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கலை ஓர் உத்தி ஆனபோது அதன் மதிப்பு மதிப்பெண் உயர்வுக்குள் அடங்கிவிட்டது.

முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் போகும் ஆசிரியர் இன்னொரு மேட்டில் ஏற வேண்டியிருக்கிறது. கல்வியியல் புலங்களில் ஆய்வேடு பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகிறது. செய்யுள் கற்பித்தலை ஆராய்பவர் செய்யுளை மொழிபெயர்த்து வைத்துவிட்டு, அதை விட்டு விலகி, ஆசிரியரின் மனப்பாங்கை அளக்கும் வினாநிரலுக்குப் போய்விடுகிறார். இலகுவான வழி அது. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அட்டவணை புரியும். தமிழில் எழுத வேண்டுமென்றால் இந்திய ஆய்வியல் துறைக்குப் போகலாம். அங்கே செய்யுள் இருக்கும், பிள்ளை இருக்காது.

2021இல் ஆறாம் வகுப்புத் தேர்வான யூபிஎஸ்ஆர் ரத்தானது. 1988 முதல் முப்பதாண்டுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளியின் நாளையும் பொழுதையும் ஆண்ட தேர்வு அது. ‘ஏழு ஏ’ எடுத்த பிள்ளைகளின் படங்கள் பத்திரிகையில் வந்தால்தான் பள்ளிக்கு மானம் என்றிருந்தது. தேர்வு போனதும் கலைக்கு இடம் திறந்ததா? ஓரளவு திறந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரிந்த ஆசிரியரைக் கல்விக் கழகம் உருவாக்கியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. நாடகம் எழுதத் தெரிந்தவரைத் தேர்வு யுகம் முப்பது ஆண்டாகத் தேடவில்லை.

லாபுவின் நிலமும் சும்மா இல்லை. பக்கத்துச் சிப்பாங்கில் 1998இல் கேஎல்ஐஏ விமான நிலையம் திறந்தது. 2009 ஜனவரியில் ஏர் ஏசியாவும் சைம் டார்பியும் லாபுவிலேயே 160 கோடி ரிங்கிட்டில் மலிவுக் கட்டண விமான முனையம் கட்டப்போவதாக அறிவித்தன. எதிர்ப்பு கிளம்பி, அந்த மாதமே அரசு திட்டத்தைக் கைவிட்டது. பிறகு கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயிலுக்கு லாபுவில் நிலையம் என்றார்கள். 2021 பிறந்தபோது அந்தத் திட்டமும் ரத்து. மலேசிய விஷன் பள்ளத்தாக்கு என்ற பெரிய வளர்ச்சித் திட்டத்தின் வரைபடம் இன்னும் மேசையில் இருக்கிறது. செம்பனை போய் வீடமைப்பு வரும்போது பள்ளி இடம் மாறும். இடம் மாறும் பள்ளியின் அலமாரியில் ஆண்டு மலர்களும், விழா நிகழ்ச்சி நிரல்களும், கையெழுத்து நாடகப் பிரதிகளும், பழைய வருகைப் பதிவேடுகளும் இருந்தால் அவற்றுக்கு என்ன கதி?

அந்த அலமாரியை வைத்து ஓர் ஆய்வேடு எழுதலாம். ஒரு தோட்டத்தின் இரண்டு மூன்று பள்ளிகள், ஐம்பது ஆண்டு. எந்த நாடகங்கள் மேடையேறின, யார் எழுதினார், யார் நடித்தார், அதில் நடித்த பிள்ளைகள் பின்னர் என்ன ஆனார்கள். அதே ஆண்டுகளில் எத்தனை பேர் இடைநிலைப்பள்ளி போனார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள். மாரிமுத்துவின் கணக்கும் நெடுமாறனின் தேடலும் ஒரே பக்கத்தில் வரவேண்டிய ஆய்வு. நாடகத்தில் நடித்த பிள்ளை கொஞ்சம் அதிகம் தாக்குப்பிடித்ததா, அல்லது நாடகம் அதன் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எடுத்துக்கொண்டதா? விடை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஆய்வு. அதைக் கல்வியியல் புலத்தில் சமர்ப்பித்தால் தேர்வாளர் மாதிரியின் அளவு போதுமா என்று கேட்பார். தமிழ்த்துறையில் சமர்ப்பித்தால், கைப்பிரதியாகவே நின்றுபோன ஒரு தோட்டத்து நாடகம் இலக்கியமாகுமா என்று கேட்பார். தனிநாயகம் அடிகளார் லண்டனில் பாணரை ஆசிரியர் என்று எழுதிச் சமர்ப்பித்தபோது அவரிடமும் இப்படி ஏதாவது கேட்டிருப்பார்கள்.